சினை கட்டாத சினைப்பைதான் வேண்டும்: விராலின் செல்களைக் குடுவையில் வளர்ப்பது

காரைக்குடி மார்க்கெட்டில் விரால் வாங்க நிற்பவர் முதலில் கேட்பது "சினை இருக்கா?" என்றுதான். வயிற்றை லேசாக அமுக்கிப் பார்ப்பார். மஞ்சள் மஞ்சளாக, விரல் தடிமனில் சினை இருந்தால் விற்பவரும் அதைச் சொல்லியே விலையை ஏற்றுவார். செல் வளர்ப்புக்காக மீன் பார்க்கிறவருக்கு இதற்கு நேர் எதிரான கண் வேண்டும். வயிறு புடைத்த மீனை ஒதுக்கிவிட்டு, சினை கட்டவே ஆரம்பிக்காத மீனைத் தேட வேண்டும். திறந்து பார்த்தால் "இது சினைப்பையா, கொழுப்பு இழையா" என்று சந்தேகம் வருகிற மாதிரி மெலிந்து கிடக்குமே, அதுதான் நமக்குச் சரக்கு.

மீடியம் (செல்லுக்கான ஊட்டக் கரைசல்) சரியில்லை, சீரம் (அதில் சேர்க்கும் இரத்தத் தெளிநீர்) சரியில்லை, குடுவை கம்பெனி சரியில்லை என்று புலம்புகிற பலருக்கு உண்மையில் தவறியது இந்த முதல் படியில்தான். அதனால் இந்தப் பதிவில் பாதிக்கு மேல் ஹூடுக்கு (சுத்தமான காற்று வீசும் செல் வளர்ப்பு மேடைக்கு) வெளியே நடக்கிற வேலையைப் பற்றியே இருக்கும். செய்முறை மட்டும் வேண்டும் என்பவர்கள் நடுவிலிருந்து படிக்கலாம். ஆனால் சினையில் கோட்டை விட்டால் நான் பொறுப்பில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். "மீன் சினைப்பை செல் வளர்க்கிறோம்" என்றால் மீன் முட்டையை வளர்க்கிறோம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். முட்டைச் செல் குடுவையில் பெருகாது. அது பிரிந்து பெருகுகிற வேலையை எப்போதோ முடித்துவிட்டு, மஞ்சள் கருவைச் சேர்த்துக்கொண்டு பருத்துக்கொண்டே போகிற செல். குடுவையின் அடியில் ஒட்டிப் பரவுவது அதைச் சுற்றியிருக்கிற கூட்டம்: முட்டையைப் போர்த்தியிருக்கும் கிரானுலோசா செல்கள், அதற்கு வெளியே இருக்கும் தீக்கா செல்கள், இடையிழையின் நார்ச் செல்கள், சினைப்பையின் மேல்தோல் செல்கள். இவை போக, வருங்கால முட்டைகளைத் தருகிற கருநிலைத் தண்டுச் செல்களும் கொஞ்சம் இருக்கும். ஆனால் அவற்றைத் தனியாகப் பிரித்து உயிரோடு வைத்திருப்பது வேறு வித்தை. அதற்குக் கீழே தாங்கும் செல் படலம் வேண்டும், எஃப்.ஜி.எஃப். மாதிரி வளர்ச்சிக் காரணிகள் வேண்டும். இங்கே பேசுவது முதல் கூட்டத்தைப் பற்றி.

இனப்பெருக்க உறுப்பு என்ன அப்படி விசேஷம்? மீன் செல் வரிசைகளின் (குடுவையிலேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகும் செல் கூட்டங்களின்) கதையே அங்கேதான் தொடங்குகிறது. 1962-ல் அமெரிக்காவில் உல்ஃபும் குவிம்பியும் வெளியிட்ட ஆர்.டி.ஜி-2 என்ற முதல் மீன் செல் வரிசை, ரெயின்போ ட்ரவுட்டின் இனப்பெருக்க உறுப்பிலிருந்து வந்தது. பிறகு சேனல் கெளுத்தியின் சினைப்பையிலிருந்து சி.சி.ஓ., புல் கெண்டையின் சினைப்பையிலிருந்து சி.ஓ. என்று வரிசையாக வந்தன. இளம் சினைப்பையில் செல்கள் பிரிந்துகொண்டே இருக்கும். குடலையும் செவுளையும் போலக் கிருமி குடியிருக்கும் உறுப்பும் இல்லை. உடலுக்குள் மூடிய பையில் இருக்கிறது. செவுளில் ஆரம்பித்தவருக்கு முதல் மாதம் முழுக்கப் பாக்டீரியாவோடுதான் போராட்டம்.

மஞ்சள் கரு ஏன் எதிரி என்றும் சொல்லிவிடுகிறேன். சினை முற்றிய சினைப்பையைக் கத்தரித்தால் வெட்டும் ஒவ்வொரு முறையும் பத்திருபது முட்டை உடையும். கொழுப்பும் புரதமும் கலந்த பசை வெளியே வரும். விரால் முட்டை மிதக்கிற ஜாதி. உள்ளே எண்ணெய்த் துளி இருக்கிறது. அந்த எண்ணெய் மீடியத்தின் மேல் படலமாக மிதக்கும், பசை குடுவையின் அடியில் படியும், திசுத்துண்டு பிளாஸ்டிக்கில் ஒட்டாமல் வழுக்கும். போதாததற்கு, மஞ்சள் கருவைச் செரிக்கவென்றே முட்டைக்குள் இருக்கிற கெதெப்சின் போன்ற நொதிகளும் சேர்ந்து வெளியே வந்து பக்கத்துச் செல்களைத் தின்னத் தொடங்கும். மூன்றாம் நாள் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் கறுப்புப் பொடி தூவியது போல இருக்கும். புதிதாக வருகிறவர்கள் அதைப் பாக்டீரியா என்று நினைத்து ஆன்டிபயாடிக்கைக் கூட்டுவார்கள். பாக்டீரியா என்றால் மீடியம் கலங்கி நிறம் மாறும், துகள்கள் தாமாக நெளியும். மஞ்சள் கருத் துகள் நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருக்கும்.

இனி மீன். செட்டிநாட்டுப் பக்கம் விராலுக்குப் பஞ்சமில்லை. கண்மாயிலும் ஊருணியிலும் இருக்கிறது, வளர்ப்புக் குட்டையிலும் கிடைக்கிறது. கண்மாய் மீனைவிடக் குட்டை மீன் நல்லது என்பது என் கட்சி. கண்மாய் மீனின் வயது தெரியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் பெருகும்போது விரால் சினைக்கு வரும். அந்தச் சமயம் பிடிபடும் பெண் மீன்களெல்லாம் நிறைவயிறாகத்தான் இருக்கும். மாசி, பங்குனியில் தண்ணீர் வற்றி மீன்பிடி நடக்கும்போது கிடைப்பவை சேற்றில் நெருங்கிக் கிடந்து அடிபட்டவை. மழைக்குப் பின் குளிர் மாதங்களில் உடம்பில் சிவந்த புண்ணோடு விரால் வருவதைப் பார்த்திருப்பீர்கள். அது பெரும்பாலும் அஃபனோமைசிஸ் என்ற பூஞ்சை மாதிரி உயிரி உண்டாக்கும் புண் நோய். விராலுக்கு அது ரொம்பவே பிடித்துக்கொள்ளும். சின்னப் புண் இருந்தாலும் அந்த மீன் வேண்டாம். குட்டையில் வளர்ந்த, ஒரு சாண் நீளம், 100 கிராம் சுமார் எடை, முதல் சினைக்கு வராத இளசுதான் தோது. அந்த வயதில் வெளியே பார்த்து ஆண் பெண் சொல்ல முடியாது. நான்கைந்து மீன் வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொண்டு, நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவிடம் அந்த எண்ணிக்கைக்கே அனுமதி வாங்கிவிடுங்கள். ஒரு மீனுக்கு எழுதி வாங்கிவிட்டு, திறந்தால் ஆண் மீன் என்று நின்றால் மறுபடி கூட்டம் கூடும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

வாங்கிய மீனைக் குளோரின் இல்லாத தண்ணீரில் 3 நாள் வைக்க வேண்டும். கடைசி 24 மணி நேரம் தீனி கிடையாது. குடல் காலியாக இருந்தால் தெரியாமல் கத்தி பட்டாலும் சேதம் குறையும். தொட்டியை வலை போட்டு இறுக்கிக் கட்டுங்கள், விரால் துள்ளி வெளியே விழும். அதே சமயம் மேலே காற்று இடைவெளி கட்டாயம் வேண்டும். வாய்வழிக் காற்றுக் குடிக்க முடியாவிட்டால் நல்ல தண்ணீரிலும் விரால் மூச்சுமுட்டிச் செத்துவிடும்.

கொல்வதற்கு எம்.எஸ்-222 மயக்க மருந்து லிட்டருக்கு 500 மில்லிகிராம். அது தண்ணீரைப் புளிப்பாக்கும், ஆகவே சோடியம் பைகார்பனேட் போட்டு பி.எச். 7-க்குக் கொண்டுவந்த பிறகே மீனை விட வேண்டும். செவுளை மட்டும் நம்பியிராத மீன் என்பதால் கெண்டையைவிட மயங்க நேரமாகும். அசைவும் செவுள்மூடித் துடிப்பும் நின்று 10 நிமிடமாவது அப்படியே விட்டு, பிறகு மூளைத் தண்டைத் துண்டித்து உறுதிசெய்ய வேண்டும். பனிக்கட்டியில் போட்டு வைப்பது சில பழைய கட்டுரைகளில் இருக்கிறது. இந்த அளவு மீனுக்கு அது வதை, குழுவும் ஒத்துக்கொள்ளாது.

அடுத்து வழவழப்பு. விராலை ஆய்கிறவர்கள் சாம்பலோ கல் உப்போ போட்டுக் கல்லில் தேய்ப்பார்கள்; விஷயம் தெரிந்த கை அது. நாம் தேய்த்தால் தோல் கிழிந்து கிருமி உள்ளே போகும். குழாயின் கீழே கழுவி, சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் (500 பி.பி.எம். குளோரின்) 5 நிமிடம் முக்கி, ஸ்டெரைல் பி.பி.எஸ்.-ல் (பாஸ்பேட் கலந்த உப்புக் கரைசலில்) அலசி, 70 சதவீத எத்தனால் நனைத்த பஞ்சால் வயிற்றுப் பக்கத்தை மூன்று முறை துடைக்கலாம். ஒவ்வொரு முறையும் புதுப் பஞ்சு, தலையிலிருந்து வாலை நோக்கி. திரும்பித் துடைத்தால் செதிலுக்கு அடியிலிருக்கிற சளியை நாமே மேலே இழுத்துப் பூசுகிறோம். 100 சதவீத ஆல்கஹால் இன்னும் சுத்தமாக்கும் என்று நினைக்க வேண்டாம். கிருமியின் புரதத்தை உறைய வைக்கத் தண்ணீரும் வேண்டும், 70-தான் வேலை செய்கிற அளவு.

கருவிகள் இரண்டு செட். தோலை வெட்டிய கத்தரிக்கோல் உள்ளே போகக் கூடாது. மலத்துளைக்குச் சற்று முன்னால் தொடங்கி முன்பக்கமாக, கத்தரியின் மழுங்கிய முனை உள்ளே இருக்கும்படி வெட்டிக்கொண்டு போங்கள். பக்கவாட்டு மடலை விலக்கியதும் குடலும் ஈரலும் தெரியும். அவற்றை இழுக்காமல் ஓரமாக ஒதுக்கினால், காற்றுப்பையின் கீழ்ப் பக்கம் ஒட்டி இரண்டு இழைகள் ஓடும். இளம் பெண் மீனில் வெளிறிய இளஞ்சிவப்பு, லேசாகக் கண்ணாடி போன்ற பளபளப்பு. இளம் ஆண் மீனின் விந்தகம் இன்னும் மெலிந்து நூலாக, வெண்மையாக இருக்கும். கண்ணை மட்டும் நம்பாமல், முனையில் ஊசிமுனையளவு கிள்ளி ஸ்லைடில் வைத்து, கவர் கிளாஸை லேசாக அமுக்கிப் பாருங்கள். வட்ட வட்டமாக, ஊடுருவித் தெரிகிற செல்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் பெரிய தெளிந்த நியூக்ளியஸ்: இதுதான் மஞ்சள் கரு சேராத நிலை, தைரியமாகத் தொடரலாம். வட்டத்துக்குள் மணல் கொட்டியது போல இருண்டு, நியூக்ளியஸ் தெரியாமல் போயிருந்தால் அந்த மீனை ஒதுக்கிவிடுங்கள். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. விட்டுவிட்டால் மூன்று வாரம் போய்விடும்.

எடுத்த சினைப்பை நேராகக் குளிர்ந்த கழுவு நீரில் போக வேண்டும். பி.பி.எஸ்.-ல் மில்லிக்கு 500 யூனிட் பென்சிலின், 500 மைக்ரோகிராம் ஸ்ட்ரெப்டோமைசின், 2.5 மைக்ரோகிராம் ஆம்ஃபோடெரிசின். மூன்று முறை, ஒவ்வொன்றும் 10 நிமிடம், ஒவ்வொரு முறையும் புதுத் தட்டு. வளர்ப்பு மீடியத்தில் இதே ஆன்டிபயாடிக் 100 யூனிட், 100 மைக்ரோகிராம் போதும். கழுவும் அளவையே மீடியத்திலும் போட்டால் செல் வெளியே வரத் தயங்கும். ஆம்ஃபோடெரிசினைக் கூட்டினால் பூஞ்சையோடு நம் செல்லும் சாகும்.

மீடியம் விஷயத்தில் எல்-15 தவிர வேறு பக்கம் போக வேண்டிய அவசியம் பெரும்பாலோருக்கு இல்லை. 1963-ல் லெய்போவிட்ஸ் வகுத்த கலவை இது. பாலூட்டிச் செல்களுக்கான வழக்கமான மீடியங்கள் பைகார்பனேட்டையும் 5 சதவீதக் கார்பன் டை ஆக்சைடையும் வைத்து பி.எச்.-ஐப் பிடித்துக்கொள்ளும். எல்-15 அந்த வேலையைப் பாஸ்பேட்டையும் கார அமினோ அமிலங்களையும் கொண்டு செய்கிறது. குளுக்கோஸுக்குப் பதில் கேலக்டோஸ், அதனால் லாக்டிக் அமிலமும் குறைவு. சாதாரணக் காற்றில், மூடியை இறுக்கி மூடி வளர்க்கலாம். இங்கே அடிக்கடி நடக்கிற தவறு இரண்டு. ஒன்று, பழக்க தோஷத்தில் பொடி கரைக்கும்போது பைகார்பனேட் சேர்ப்பது. இரண்டு, பக்கத்திலிருக்கிற கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டரில் மூடியைத் தளர்த்தி வைப்பது. அப்படி வைத்தால் மீடியம் புளித்து மஞ்சளாகி, செல்கள் உருண்டு மிதக்கும்.

கரைக்கும் தண்ணீர் பற்றி இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. போர்த் தண்ணீரை நேராக வடிகலனில் ஏற்றினால் சுருளில் வெள்ளை வெள்ளையாகக் காரை படியும்; அந்த நிலையில் வடிக்கிற தண்ணீரில் வளர்ப்பு நன்றாக வராது. ஆர்.ஓ. வழியாக வந்த தண்ணீரை இரட்டை வடிப்பு செய்யுங்கள், அல்லது செல் வளர்ப்புத் தரத் தண்ணீரைப் புட்டியாக வாங்கிவிடுங்கள். நம் வீடுகளின் முற்றத்தில் பிடிக்கிற மழைத் தண்ணீர் பருப்பு வேகவைக்கத் தேவாமிர்தம்தான். மீடியத்துக்கு அதுவும் ஆகாது.

பி.எச். 7.2 முதல் 7.4-க்குள் வைத்து, 0.22 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டி, 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கிய எஃப்.பி.எஸ். சீரம் (கன்றுக் கருவின் இரத்தத் தெளிநீர்) 20 சதவீதம் சேர்க்க வேண்டும். முதல் வளர்ப்புக்கு 10 சதவீதம் போதாது. சிக்கனம் பத்தாவது பாசேஜுக்கு (நிறைந்த குடுவையின் செல்களைப் பிரித்துப் புதுக் குடுவைக்கு மாற்றுவதற்கு)ப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இனி இரண்டு வழி. திசுத்துண்டை அப்படியே ஒட்டவைத்து, அதிலிருந்து செல்கள் ஊர்ந்து வெளியே வரும்வரை காத்திருப்பது ஒன்று. நொதி போட்டு உடைத்துத் தனிச் செல்லாக விதைப்பது இன்னொன்று. மெலிந்த இளம் சினைப்பையில் திசு குறைவு. முதல் வழிதான் பத்திரம் என்பேன். நொதி வழி வேகமானது, ஆனால் ஒரு தவறுக்கு மொத்தமும் போகும்.

துண்டுவழியில் சினைப்பையைச் சில துளி மீடியத்தில் போட்டு, எதிரெதிராக இரண்டு ஸ்கால்பெல் பிளேடை வைத்து 1 மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்குங்கள். அறுக்க வேண்டும், நசுக்கக் கூடாது. பிளேடு மழுங்கினால் மாற்றுங்கள். மழுங்கிய பிளேடில் நறுக்கிய துண்டின் ஓரம் கூழாகிவிடும், செல் ஊர்ந்து வர வேண்டியதே அந்த ஓரத்திலிருந்துதான். 25 சதுர சென்டிமீட்டர் குடுவையில் 20 துண்டு போல, ஒன்றுக்கொன்று அரை சென்டிமீட்டராவது தள்ளி வைத்து, மேலே 0.2 மில்லி சீரத்தைப் பரவலாக விடுங்கள். பிறகு குடுவையைக் கவிழ்த்து, அதாவது துண்டுகள் கூரையில் தொங்குகிற மாதிரி, 28 டிகிரியில் 2 முதல் 3 மணி நேரம் வைக்க வேண்டும். அதிகப்படி ஈரம் வடிந்து துண்டு பிளாஸ்டிக்கில் பிடித்துக்கொள்ளும். பிறகு மெதுவாக நிமிர்த்தி, எதிர்ச் சுவர் வழியாக 3 மில்லி மீடியம். துண்டின் மேலேயே பைப்பெட்டை வைத்து ஊற்றினால் பாதி மிதந்துவிடும். மிதந்த துண்டு மறுபடி ஒட்டுவது அபூர்வம்.

அதன் பிறகு 4 நாள் குடுவையைத் தொடக் கூடாது. செய்முறையிலேயே கடினமான கட்டம் இது என்று சொன்னால் சிரிப்பார்கள். தினம் எடுத்துப் பார்த்துப் பார்த்தே துண்டுகளைப் பெயர்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். ஐந்தாம் நாள் பாதி மீடியத்தை மட்டும் மாற்றுங்கள். செல்கள் தமக்கு வேண்டிய காரணிகளை அந்தப் பழைய மீடியத்தில் விட்டிருக்கின்றன, முழுதையும் கொட்டினால் மறுபடி முதலிலிருந்து.

நொதிவழி போகிறவர்களுக்கு: மில்லிக்கு 1 மில்லிகிராம் கொலாஜினேஸ், 28 டிகிரி, 30 முதல் 60 நிமிடம், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மெல்ல ஆட்டல். கரைந்ததை 100 மைக்ரான் சல்லடையிலும் பிறகு 40 மைக்ரானிலும் வடிகட்டினால் முட்டைச் செல்கள் பெரும்பாலும் மேலே நின்றுவிடும். 200 ஜி-யில் (புவியீர்ப்பைப் போல 200 மடங்கு விசையில்) 5 நிமிடம் சுழற்றி, மேலே எண்ணெய் வளையம் தெரிந்தால் அதை முதலில் உறிஞ்சி எடுத்துவிட்டுப் பிறகு மற்ற நீரை எடுங்கள். செல்கள் கொழகொழவென்று நூலாக இழுத்தால், செத்த செல்களின் டி.என்.ஏ. வெளியே வந்திருக்கிறது என்று பொருள், கொஞ்சம் டி.என்.ஏஸ் சேர்த்தால் விடுபடும். நொதியில் அதிக நேரம் விட்டுவிட்டோம் என்பதற்கும் அதுதான் அடையாளம்.

வெப்பம். இங்கேதான் செட்டிநாட்டு வெயில் குறுக்கே வரும். விராலின் செல்களுக்கு 28 டிகிரி தோது. சாதாரண இன்குபேட்டருக்குச் சூடாக்கத்தான் தெரியும், குளிரவைக்கத் தெரியாது. சித்திரை, வைகாசியில் அறையே 35-ஐத் தாண்டி நிற்கும்போது 28-க்கு வைத்த முள் சும்மா இருக்கும், உள்ளே 36 ஓடும். 32-க்கு மேல் போகப் போகச் செல்லின் பொறுமை குறையும். 37 பக்கம் நின்றால் உருண்டு கழலும். குளிரூட்டும் வசதியுள்ள பி.ஓ.டி. இன்குபேட்டர் வேண்டும், அது இன்வெர்ட்டரில் இருக்க வேண்டும். மார்கழியில் இந்தத் தலைவலி இல்லை. மீன் செல்லில் ஒரு பெரிய சௌகரியம், குளிர்ச்சியைப் பொறுத்துக்கொள்ளும். 20 டிகிரிக்கு இறங்கினால் பிரிவதை நிறுத்திவிட்டு அமைதியாக இருக்கும், 28-க்கு வந்ததும் மறுபடி தொடங்கும். நீண்ட மின்தடை வரப்போகிறது என்று தெரிந்தால் குடுவைகளைத் தெர்மோகோல் பெட்டியில், துணி சுற்றிய ஐஸ் பேக் ஓரமாக வைப்பது சூட்டில் விடுவதைவிட எவ்வளவோ மேல். பி.ஓ.டி.-யின் அடியில் தேங்குகிற தண்ணீர்த் தட்டைத்தான் எல்லோரும் மறப்பார்கள். மழை மாதங்களில் பூஞ்சை பிறக்குமிடம் அதுதான். வாரம் ஒருமுறை கொட்டிவிட்டு ஆல்கஹாலில் துடையுங்கள்.

எல்லாம் சரியாக நடந்தால் நான்காம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் துண்டின் ஓரத்தில் ஒளிவட்டம் போலச் செல்கள் கிளம்பும். முதலில் வருவது நீண்டு மெலிந்த நார்ச் செல்கள், கதிர்க் கட்டில் தாள் விரித்த மாதிரி. சில துண்டுகளைச் சுற்றி மட்டும் பலகோணமாக, ஒன்றோடொன்று தளக்கல் பதித்தது போல நெருங்கிய படலம் வரும். அவை மேல்தோல் வகை. இரண்டும் ஒரே குடுவையில் இருந்தால் நாளடைவில் நார்ச் செல்கள்தான் ஜெயிக்கும். மேல்தோல் வகையைக் காப்பாற்ற வேண்டுமென்றால் இப்போதே செய்ய வேண்டும்: டிரிப்சின் (ஒட்டிய செல்லைக் கழற்றும் நொதி) போட்டால் நார்ச் செல்கள் முதலில் கழலும், அவற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு மிச்சத்தை வளர்ப்பது ஒரு தந்திரம்.

இரண்டு முதல் நான்கு வாரத்தில் குடுவை நிறையும். கால்சியம், மெக்னீசியம் இல்லாத பி.பி.எஸ்.-ல் ஒருமுறை கழுவி, 0.25 சதவீத டிரிப்சின்-ஈ.டி.டி.ஏ. 1 மில்லி விட்டு, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபடியே காத்திருங்கள். செல்கள் சுருங்கி முத்து முத்தானதும் குடுவையின் பக்கவாட்டில் கையால் ஒரு தட்டுத் தட்டுங்கள். உடனே சீரம் மீடியம் விட்டு நிறுத்தல். பெரும்பாலும் 2 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கடிகாரத்தைப் பார்த்து 5 நிமிடம் என்று விட்டவர்களின் செல்கள் அடுத்த நாள் ஒட்டாது. முதல் பத்துப் பாசேஜுக்கு ஒன்றை இரண்டாக மட்டும் பிரியுங்கள், பாதிப் பழைய மீடியம் கலந்து. நான்காகப் பிரித்தால் ஆளில்லாத ஊரில் குடியேறியது போல அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்று அப்படியே மெலிந்துபோகும். பத்துக்குப் பிறகு சீரத்தை 15, பிறகு 10 என்று இறக்கலாம். பாலூட்டிச் செல்கள் சில பத்துப் பிரிவுகளில் கிழடாகி நின்றுவிடும். மீன்களில் பல திசுக்களில் டெலோமரேஸ் (குரோமோசோம் முனை தேயாமல் காக்கும் நொதி) வேலை செய்துகொண்டே இருக்கும். அதனால் வைரஸ் மரபணு எதையும் புகுத்தாமலே வரிசை நிலைத்துவிடுவது உண்டு.

நிலைத்துவிட்டது என்று கொண்டாடுவதற்குமுன் மூன்று சோதனை. இது விரால்தானா? மைட்டோகாண்ட்ரியாவின் சி.ஓ.ஐ. மரபணுவைப் பெருக்கி வரிசை பார்க்க வேண்டும். ஒரே ஹூடில் திலேப்பியாவும் விராலும் வளர்கிற இடத்தில் குடுவை மாறிப்போவது கேலிக்குரிய விஷயமே இல்லை. அடுத்து மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியா. மீடியம் கலங்காது, செல் சாகாது, வளர்ச்சி மட்டும் மந்தமாகும், பி.சி.ஆர். செய்யாமல் தெரியாது. மூன்றாவது, உள்ளே ஒளிந்திருக்கும் வைரஸ். மீன் வைரஸ் ஆய்வில் பிரபலமான எஸ்.எஸ்.என்-1 என்ற விரால் இனச் செல் வரிசை ஒரு ரெட்ரோ வைரஸைச் சுமந்துகொண்டேதான் வளர்கிறது. ஆகவே சந்தை மீனிலிருந்து வந்த வரிசையில் எதுவும் இல்லை என்று வாய்வார்த்தையாகச் சொல்ல முடியாது. இவற்றோடு, வளர்வது எந்த வகைச் செல் என்று சொல்ல வேண்டுமானால் ஃபாக்ஸ்-எல்2, அரோமட்டேஸ் மரபணுக்கள் வெளிப்பட்டால் கிரானுலோசா பக்கம். வாசா வெளிப்பட்டால் கருநிலைச் செல்கள் இன்னும் கலந்திருக்கின்றன. "சினைப்பைச் செல்" என்று பெயர் வைத்துவிட்டு இதைப் பார்க்காமல் விட்ட கட்டுரைகள் நிறைய. அதில் பாதி வெறும் நார்ச் செல்லாக இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

இத்தனை பாடும் எதற்கு என்றால், முதல் பயன் வைரஸ் பிடிக்க. வைரஸுக்கு வளர உயிருள்ள செல் வேண்டும். நோய்ப்பட்ட மீனின் திசுச் சாற்றை வடிகட்டிச் செல் படலத்தின் மேல் விட்டு, படலம் எப்படிக் குலைகிறது என்று பார்ப்பதுதான் வழி. திலேப்பியாவைக் கொன்ற டி.ஐ.எல்.வி. வைரஸை 2014-ல் இஸ்ரேலில் கண்டு சொன்னபோது, அதைப் பிரித்து வளர்த்தது எஸ்.எஸ்.என்-1-லிருந்து பிரித்த ஈ-11 செல்களில். பூச்சிமருந்து, சாயக்கழிவு ஆகியவற்றின் நச்சைப் பார்க்க உயிர் மீனுக்குப் பதில் செல்லை வைப்பது இன்னொரு பயன். ட்ரவுட்டின் செவுள் செல்லைக் கொண்டு செய்யும் அப்படியொரு சோதனையை 2021-ல் ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு தன் வழிகாட்டு முறைகளில் சேர்த்துக்கொண்டது.

கடைசியாக உறையவைப்பது. மூன்றாவது பாசேஜிலேயே சில குப்பிகளை எடுத்து வையுங்கள். "இன்னும் கொஞ்சம் பெருகட்டும்" என்று காத்திருக்கும் வாரத்தில்தான் பூஞ்சை வரும். வேகமாக வளர்கிற கட்டத்தில் இருக்கிற செல்கள், மில்லிக்கு 10 முதல் 20 லட்சம், 10 சதவீத டி.எம்.எஸ்.ஓ. (உறையும்போது செல்லைக் காக்கும் திரவம்), 20 சதவீத சீரம். டி.எம்.எஸ்.ஓ.-வைக் குளிர்ந்த மீடியத்தில் துளித்துளியாக. மொத்தமாக ஊற்றினால் கலக்கும்போதே சூடாகிச் செல் வேகும். ஐசோபுரொப்பனால் நிரப்பிய டப்பாவில் வைத்து மைனஸ் 80-ல் ஓர் இரவு, நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் இறங்கும். மறுநாள் திரவ நைட்ரஜன். நைட்ரஜனுக்கு எங்கே போவது என்று கேட்கிறவர்கள், மாட்டுக்குச் சினை ஊசி போட வருகிறவர் கையில் இருக்கும் கேனை நினைத்துப் பாருங்கள். கால்நடைத் துறை வழியாக அது மாவட்டம் முழுக்கப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. நிரப்பும் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டால் உங்கள் கேனையும் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று பேசலாம். கேனில் அளவுக்குச்சி விட்டு வாரம் ஒருமுறை மட்டம் பார்ப்பதை ஒருவர் பொறுப்பில் எழுதி வையுங்கள். எல்லோரும் பார்ப்பார்கள் என்று விட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

குப்பியின் மேல் மீன், உறுப்பு, பாசேஜ் எண், தேதி நான்கும் வேண்டும், ஆல்கஹாலில் அழியாத மையில். இரண்டு வாரம் கழித்து ஒன்றை எடுத்து, தண்ணீர்த் தொட்டியில் ஒரு நிமிடம் சொச்சத்தில் உருக்கி, 200 ஜி-யில் சுழற்றி டி.எம்.எஸ்.ஓ.-வை நீக்கி, செத்த செல்லில் மட்டும் ஏறும் டிரிப்பன் நீலச் சாயத்தில் எண்ணிப் பாருங்கள். நூற்றுக்கு எழுபதாவது நீலம் ஏறாமல் நின்று, மறுநாள் குடுவையில் ஒட்டியும் இருந்தால் மிச்சக் குப்பிகளை நம்பலாம். லக்னோவிலுள்ள என்.பி.எஃப்.ஜி.ஆர். (தேசிய மீன் மரபு வளப் பணியகம்) நிறுவனத்தின் தேசிய மீன் செல் வரிசைக் களஞ்சியத்துக்கு ஒரு பிரதி அனுப்புவதானால் அதற்குப் பிறகு அனுப்புங்கள்.